மந்தமான சந்தையில் வீடு வாங்குவதும் விற்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விற்க முடியாமல் தவிப்பவரும் வாங்கலாமா வேண்டாமா என்று தயங்குபவரும் ஒரே சந்தையில்தான் நிற்கிறார்கள். ஆனால் இருவருக்கும் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் சந்தை சூடுபிடித்திருந்த காலத்தைச் சேர்ந்தது. கைமாறும் வீடுகள் குறைந்து, விற்பனை விளம்பரங்கள் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும் பகுதிகளில் எழும் கேள்விகளுக்கே இங்கு விடை தரப்படுகிறது. வரியும் பதிவுச் சட்டமும் நாட்டுக்கு நாடு மாறுவதால், அவற்றை மட்டும் அந்தந்த இடத்து வழக்கறிஞரிடமும் கணக்காளரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பகுதியில் சந்தை உண்மையிலேயே மந்தமாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இன்று விற்பனைக்கு இருக்கும் வீடுகளின் எண்ணிக்கையை, ஒரு மாதத்தில் சராசரியாக விற்று முடியும் வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 84 வீடுகள் விற்பனைக்கு இருந்து, மாதம் 7 வீடுகள் விற்கின்றன என்றால், புதிதாக ஒரு வீடுகூட விற்பனைக்கு வராமல் இருந்தாலும் கையிருப்பு தீர 12 மாதம் ஆகும். ஏறத்தாழ 6 மாதக் கையிருப்பை இரு தரப்புக்கும் சமமான நிலை என்று இத்தொழிலில் இருப்பவர்கள் வழக்கமாகக் கொள்வார்கள். அதற்கு மேல் போகப் போக வாங்குபவரின் கை ஓங்கும். சிறிய பகுதிகளில் ஒரு மாதம் 3 வீடுகளும் அடுத்த மாதம் 10 வீடுகளும் விற்பது இயல்பு என்பதால், குறைந்தது 6 மாதச் சராசரியை எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டை ஒத்த வீடுகளை மட்டும் எண்ணுவதும் முக்கியம். ஒரே தெருவில் சிறிய வீடுகள் விறுவிறுவென்று விற்கும்போதே பெரிய வீடுகள் ஆண்டுக்கணக்கில் நிற்பதுண்டு.

சராசரி விலையைப் பார்த்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். வசதி குறைந்தவர்கள் சந்தையை விட்டு விலகி, பெரிய வீடுகள் மட்டுமே விற்கும் ஆண்டில், ஒவ்வொரு வீட்டின் மதிப்பும் குறைந்திருந்தாலும்கூட சராசரி விலை ஏறியது போலத் தோன்றும். இந்தக் கோளாறைத் தவிர்ப்பதற்காகத்தான் கார்ல் கேஸ், ராபர்ட் ஷில்லர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர்கள், ஒரே வீடு மறுபடியும் விற்கப்படும்போது கிடைக்கும் இரண்டு விலைகளை ஒப்பிட்டுத் தங்கள் வீட்டு விலைக் குறியீட்டை அமைத்தார்கள். இதையே சிறிய அளவில் நீங்களும் செய்யலாம்: அண்மையில் விற்ற நான்கைந்து வீடுகள் அதற்கு முன் எப்போது, என்ன விலைக்குக் கைமாறின என்று விசாரித்தால் போதும்.

விற்பனை குறைந்துவிட்டது. ஆனால் விலை மட்டும் ஏன் இறங்கவில்லை?

காய்கறி விற்கவில்லை என்றால் மாலைக்குள் விலை இறங்கும், ஏனென்றால் அது அழுகிவிடும். வீடு அழுகுவதில்லை, உரிமையாளர் அதிலேயே குடியிருந்துகொண்டு, "என் விலை வந்தால் தருகிறேன்" என்று காத்திருக்க முடியும். ஆகவே மந்தம் முதலில் விற்பனை எண்ணிக்கையில்தான் தெரியும். விலையில் தெரிவதற்குப் பல மாதங்கள் ஆகும்.

இந்தக் காத்திருப்புக்குப் பின்னால் நட்டத்தை ஏற்க மறுக்கும் மனம் இருக்கிறது. 1990களில் பாஸ்டன் நகர மையத்தில் விற்பனைக்கு வந்த அடுக்குமாடி வீடுகளை ஆராய்ந்து, டேவிட் ஜெனிசோவ், கிறிஸ்டோபர் மேயர் ஆகிய இருவர் 2001இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாங்கிய விலைக்கும் இன்று கிடைக்கக்கூடிய விலைக்கும் உள்ள இடைவெளியில் 25 முதல் 35 சதவீதத்தை, நட்டத்தில் இருந்த உரிமையாளர்கள் தாங்கள் கேட்கும் விலையில் ஏற்றிவைத்தார்கள் என்பது அவர்கள் கண்டது. 100க்கு வாங்கிய வீடு இன்று 80தான் பெறும் என்றால், நட்டமில்லாத பக்கத்து வீட்டுக்காரரைவிட அவர் 5 முதல் 7 வரை கூடுதலாகக் கேட்டார் என்று பொருள். கூடுதலாகக் கிடைத்ததோ அந்த இடைவெளியில் 3 முதல் 18 சதவீதம்தான், அதுவும் நெடுநாள் காத்திருந்த பிறகு. நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது உங்கள் வாழ்க்கையில் முக்கியமான எண்தான். ஆனால் வாங்க வருபவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

கடன் மற்றொரு காரணம். விற்று வரும் தொகை வீட்டுக் கடனின் பாக்கியை அடைக்கவே போதாது என்ற நிலையில் இருப்பவர், விருப்பம் இருந்தாலும் விலையைக் குறைக்க முடியாது. பிடிவாதக்காரர் என்று நாம் நினைக்கும் விற்பனையாளர்களில் பலர் உண்மையில் இப்படிக் கட்டுண்டு கிடப்பவர்களே.

அப்படியென்றால் என் வீட்டுக்கு என்ன விலை வைப்பது?

விற்று முடிந்த விலைகளை மட்டுமே அடிப்படையாகக் கொள்ளுங்கள். விளம்பரத்தில் இருப்பது விற்காத வீட்டின் விலை. பத்து விற்காத வீடுகளின் விலையைச் சேர்த்துப் பார்த்தாலும் அது சந்தை விலை ஆகாது. கடந்த 3 முதல் 6 மாதங்களில் விற்ற, அளவிலும் வயதிலும் இருப்பிடத்திலும் உங்கள் வீட்டை ஒத்த சில வீடுகளைக் கண்டுபிடித்து, அவற்றில் உள்ளதும் உங்கள் வீட்டில் இல்லாததும், உங்கள் வீட்டில் உள்ளதும் அவற்றில் இல்லாததும் என ஒவ்வொன்றாகக் கழித்தும் கூட்டியும் பாருங்கள்.

விலை இறங்கிக்கொண்டிருக்கும் சந்தையில் இன்னொரு ஆபத்து உண்டு. உங்கள் வீட்டின் இன்றைய மதிப்பு 100 என்றும், சந்தை மாதம் 1 சதவீதம் இறங்குகிறது என்றும், பேரத்துக்கு இடம் வேண்டும் என்று நீங்கள் 110 கேட்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் கழித்து மனமில்லாமல் 105க்கு இறங்குகிறீர்கள். அதற்குள் மதிப்பு 97 ஆகிவிட்டது. ஆறாம் மாதத்தில் 100க்கு வருகிறீர்கள், மதிப்பு 94. ஒன்பதாம் மாதத்தில் சலித்துப்போய் 95 கேட்கும்போது சந்தை 91இல் இருக்கிறது. மூன்று முறை விலையைக் குறைத்தும்கூட ஒரு முறையும் நீங்கள் சந்தையைப் பிடிக்கவில்லை. முதல் நாளே 98 கேட்டிருந்தால், பிறகு வந்த இந்தச் சந்தை மதிப்புகள் எல்லாவற்றையும்விட நல்ல விலைக்கு வீடு போயிருக்கும். இறங்கும் சந்தையில் விலையை அதன் பின்னால் துரத்தாமல், அதற்கு ஓரடி முன்னால் நிற்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

முதல் இரண்டு மூன்று வாரங்களை வீணாக்காதீர்கள். நெடுநாளாகத் தேடிக்கொண்டிருப்பவர்கள் அனைவரும் புதிய விளம்பரத்தை அந்த வாரங்களில்தான் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு வருபவர்கள் புதிதாகச் சந்தைக்குள் நுழைபவர்கள் மட்டுமே; மந்தமான காலத்தில் அவர்களின் எண்ணிக்கை சொற்பம். மாதக்கணக்கில் நின்றுபோன வீட்டைப் பார்ப்பவர்கள், "இத்தனை பேர் வேண்டாம் என்று விட்டுப் போயிருக்கிறார்களே, ஏதோ குறை இருக்கத்தான் வேண்டும்" என்று எண்ணத் தொடங்குவார்கள். குறை ஒன்றும் இல்லாத வீட்டுக்கும் இந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும்.

விலையைக் குறைப்பதென்றால் சிறிது சிறிதாகவா, ஒரே முறையா?

ஒரே முறை, கண்ணுக்குத் தெரியும் அளவில் குறைப்பது நல்லது. மாதம் ஒரு சதவீதமாகக் குறைப்பதைக் கவனிப்பவர்கள், இன்னும் குறையும் என்று காத்திருக்கவே கற்றுக்கொள்கிறார்கள். தேடுபவர்கள் பெரும்பாலும் ஒரு முழு எண்ணை உச்சவரம்பாக வைத்துக்கொண்டுதான் பார்க்கிறார்கள். உங்கள் குறைப்பு அந்த வரம்புக்குள் வந்து விழுந்தால்தான் புதியவர்கள் கண்ணில் படும்.

சந்தை மீளும் வரை காத்திருந்து விற்கலாமா?

காத்திருப்பதற்கும் செலவு உண்டு. அதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கடன் வட்டி, சொத்து வரி, பராமரிப்பு, காப்பீடு, கடன் இல்லாவிட்டால் அந்தப் பணம் வேறிடத்தில் ஈட்டியிருக்கக்கூடிய வருவாய் ஆகியவை சேர்ந்து ஆண்டுக்கு வீட்டு மதிப்பில் 8 சதவீதம் வருகிறது என்றால், இன்று 100க்குப் போகும் வீடு இரண்டு ஆண்டு கழித்து ஏறத்தாழ 117க்குப் போனால்தான் நீங்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறீர்கள். மந்தமான சந்தை அப்படி ஏறும் என்று நம்புவதற்கு உங்களிடம் உறுதியான காரணம் இருக்க வேண்டும். ஜப்பானில் 1990களின் தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்ட நில விலை, அதன்பின் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இறங்கிக்கொண்டே இருந்தது. அமெரிக்காவில் 2006இல் உச்சத்திலிருந்து இறங்கத் தொடங்கிய வீட்டு விலை 2012இல்தான் தரையைத் தொட்டது.

வாடகைக்கு விட்டுக்கொண்டே காத்திருப்பது இடைப்பட்ட வழி. கிடைக்கும் வாடகையில் பழுது, காலியாக இருக்கும் மாதங்கள், வரி ஆகியவற்றைக் கழித்த பிறகு மேற்சொன்ன செலவில் எவ்வளவு ஈடாகிறது என்று பாருங்கள். குடியிருப்பவர் இருக்கும்போது வீட்டைக் காட்டுவதும் காலி செய்வதும் எளிதல்ல என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

வீட்டைப் பூட்டி வைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. குளியலறைத் தரை வடிகாலின் வளைவில் எப்போதும் சிறிது தண்ணீர் நின்று, சாக்கடைக் காற்று உள்ளே வராமல் தடுத்துக்கொண்டிருக்கும். சில வாரங்கள் யாரும் தண்ணீர் ஊற்றாவிட்டால் அது வற்றிவிடும். பிறகு கதவைத் திறந்ததும் வீடு முழுவதும் நாற்றம் அடிக்கும். பார்க்க வந்தவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவார். காரணம் ஒரு குவளைத் தண்ணீர்தான் என்று அவருக்கு யாரும் சொல்லப்போவதில்லை. பூட்டிய வீடு என்றால் வாரம் ஒரு முறை யாராவது போய்ச் சன்னல்களைத் திறந்து, எல்லா வடிகால்களிலும் தண்ணீர் ஊற்றி, மூலைகளில் ஓதமும் கரையானும் இருக்கின்றனவா என்று பார்த்து வர ஏற்பாடு செய்யுங்கள்.

விற்பதற்கு முன் வீட்டைப் புதுப்பிக்க வேண்டுமா?

பழுது பாருங்கள், புதுப்பிக்காதீர்கள். ஒழுகும் குழாய், கூரைக் கசிவு, ஓதம் ஏறிய சுவர், சரியாக மூடாத கதவு ஆகியவற்றைச் சரிசெய்தால் போட்ட பணம் பெரும்பாலும் திரும்பும், ஏனென்றால் வாங்குபவர் ஒவ்வொரு சிறு குறையையும் பெரிய செலவாகக் கணக்கிட்டுத்தான் விலையைக் குறைப்பார். புதிய சமையலறை, விலை உயர்ந்த தரைக்கல் போன்றவை உங்கள் விருப்பப்படி அமைபவை. மந்தமான சந்தையில் அவற்றின் செலவு முழுமையாகக் கிடைப்பது அரிது. தெரிந்த குறையை வண்ணம் அடித்து மறைக்கவே கூடாது. அடுத்த மழையில் அது வெளிவரும்போது வழக்காக மாறலாம் என்பது மட்டும் காரணமல்ல. தன் சேமிப்பு முழுவதையும் கொண்டு வந்து கொடுக்கும் ஒருவருக்கு நாம் அப்படிச் செய்யலாகாது.

வேறு வீட்டுக்கு மாற வேண்டும். முதலில் விற்பதா, முதலில் வாங்குவதா?

மந்தமான சந்தையில் முதலில் விற்பதே பாதுகாப்பு. வாங்குவது எப்போது வேண்டுமானாலும் நடக்கும். விற்பது எப்போது நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் வாங்கிவிட்டு இரண்டு வீட்டுக் கடன்களின் தவணையைச் சேர்த்துக் கட்டுபவர், சில மாதங்களில் எந்த விலைக்கும் சம்மதிக்கும் நிலைக்கு வந்துவிடுவார். விற்றுவிட்டுச் சில மாதம் வாடகை வீட்டில் இருப்பதும், விற்ற பிறகும் இரண்டு மூன்று மாதம் அங்கேயே குடியிருக்க வாங்குபவரிடம் ஒப்புதல் பெறுவதும் இதற்கு நல்ல வழிகள்.

பெரிய வீட்டுக்கு மாறுபவர்கள் விலை இறங்கியதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. சந்தை 15 சதவீதம் இறங்கியிருந்தால், 100 பெற்ற உங்கள் வீடு 85க்குப் போகும். 200 பெற்ற வீடு 170க்குக் கிடைக்கும். விற்பதில் இழந்தது 15, வாங்குவதில் மிஞ்சியது 30. பிள்ளைகள் தனிக்குடித்தனம் போன பிறகு சிறிய வீட்டுக்கு மாறும் பெற்றோருக்கு இதே கணக்கு தலைகீழாகும். அவர்கள்தான் விலையிலும் காலத்திலும் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும்.

தரகரை எந்த அளவுக்கு நம்பலாம்?

நல்ல தரகர் மந்தமான காலத்தில்தான் உண்மையாகப் பயன்படுகிறார். யார் வாங்கும் நிலையில் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவருடைய நலனும் உங்கள் நலனும் ஒன்றல்ல. சிகாகோவைச் சுற்றிய பகுதிகளில் நடந்த விற்பனைகளை ஆராய்ந்து 2008இல் ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது ஏறத்தாழ 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து, பிறர் வீட்டைவிட 3.7 சதவீதம் கூடுதல் விலை பெற்றது தெரியவந்தது. உங்கள் வீட்டுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் 100இல் தரகருக்குப் போவது ஓரிரு பங்குதான். அதற்காக அவர் மேலும் பல நாள் அலைய விரும்பாதது இயல்பே.

மந்தமான காலத்தில் இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. வீட்டைத் தன் கைக்குள் கொண்டுவருவதற்காக முதலில் ஆசை காட்டும் விலையைச் சொல்லிவிட்டு, சில வாரங்கள் கழித்து, "யாருமே கேட்கவில்லையே, குறைத்தால்தான் போகும்" என்று நெருக்குவார்கள். மூன்று தரகர்களை அழைத்து, ஒவ்வொருவரிடமும் அவர் சொல்லும் விலைக்கு ஆதாரமாக விற்று முடிந்த வீடுகளைக் காட்டச் சொல்லுங்கள். மிக உயர்ந்த விலை சொல்பவரைவிட, கேட்கக் கசப்பான விலையைச் சொல்லி அதற்குக் காரணமும் காட்டுபவரே மேல். ஒருவருக்கு மட்டும் உரிமை கொடுத்து எழுதித்தருவதென்றால் கால வரம்பு இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வாங்குபவன் நான். விலை இன்னும் இறங்கும் என்று காத்திருப்பது சரியா?

இந்த எண்ணத்தை ஒரேயடியாகத் தவறு என்று சொல்ல முடியாது. வீட்டு விலை ஒரு திசையில் நகரத் தொடங்கினால் அடுத்த ஆண்டும் அதே திசையில் நகரும் போக்கு உள்ளது என்று கேஸும் ஷில்லரும் 1989இலேயே காட்டினார்கள். ஆனால் தரை எது என்பது, அதைக் கடந்து மேலே வந்த பிறகுதான் யாருக்கும் தெரியும்.

விலையோடு வட்டியையும் சேர்த்துப் பாருங்கள். 20 ஆண்டுக் கடனில் வட்டி 8 சதவீதமாக இருந்தால், 1,00,000க்கு மாதத் தவணை ஏறத்தாழ 836. வட்டி 9 சதவீதமானால் அதுவே 900. விலை 7 சதவீதம் குறையட்டும் என்று காத்திருந்து, அதற்குள் வட்டி ஒரு புள்ளி ஏறிவிட்டால், நீங்கள் மாதந்தோறும் கட்டும் தொகையில் எந்த மாற்றமும் இருக்காது. மறுபுறம், வட்டி பிறகு குறைந்தால் பல இடங்களில் கடனை மாற்றிக்கொள்ளலாம். கொடுத்த விலையை மாற்ற முடியாது. அதனால் விலை, வட்டி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் நான் குறைந்த விலையின் பக்கமே நிற்பேன்.

எத்தனை ஆண்டு அங்கே குடியிருப்பீர்கள் என்பதே முதன்மையான கேள்வி. பதிவுச் செலவு, தரகு, கடன் கட்டணம் ஆகியவற்றை வாங்கும்போது ஒரு முறையும் விற்கும்போது ஒரு முறையும் சுமக்க வேண்டியிருப்பதால், இரண்டு மூன்று ஆண்டில் கிளம்பும் வாய்ப்புள்ளவர் மந்தமான சந்தையில் வாங்காமல் வாடகைக்கு இருப்பதே நல்லது. பத்து ஆண்டு இருக்கப்போகிறவருக்கு, தவணை தாங்கக்கூடியதாகவும் வீடு பிடித்ததாகவும் இருந்தால், ஆறு மாதம் முன்னே பின்னே ஆவதில் பெரிய வேறுபாடு இல்லை.

எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?

இதற்குப் பொது விழுக்காடு கிடையாது. விற்பவர் கேட்கும் விலை சந்தையைவிட 15 சதவீதம் கூடுதலாக இருந்தால் 10 சதவீதம் குறைத்து வாங்கியவர்கூட ஏமாந்தவரே. உங்கள் விலையைக் காரணத்தோடு சொல்லுங்கள்: இந்த மூன்று வீடுகள் இந்த விலைக்கு விற்றிருக்கின்றன, கூரைக் கசிவைச் சரிசெய்ய இவ்வளவு ஆகும் என்று எடுத்துவைக்கும்போது பேரம் கணக்காக மாறும். வீட்டை மட்டம்தட்டிப் பேசுவதால் விலை குறையாது. முப்பது ஆண்டு வாழ்ந்த வீட்டைப் பழிப்பவருக்கு விற்பதைவிட விற்காமலே இருக்கலாம் என்று பலர் முடிவெடுத்துவிடுவார்கள்.

விலை அசையாத இடத்தில் மற்றவை அசையும். பணம் கொடுக்கும் காலம், காலி செய்யும் நாள், பழுதுகளை யார் பார்ப்பது, பொருத்திய அலமாரிகளை விட்டுப்போவது என்று பேசுவதற்கு எவ்வளவோ இருக்கிறது. கடன் ஒப்புதலைக் கையில் வைத்துக்கொண்டு வருபவருக்கு, மந்தமான சந்தையில் விற்பவர்கள் விலையிலும் இறங்கி வருவார்கள்; எத்தனையோ பேர் ஆசையோடு பார்த்துவிட்டுப் போய், கடன் கிடைக்காமல் திரும்பி வராததை அவர்கள் ஏற்கெனவே கண்டிருக்கிறார்கள்.

பேசி முடித்த விலையைவிட வங்கியின் மதிப்பீடு குறைவாக வந்தால் என்ன செய்வது?

விற்பனை குறைந்த பகுதியில் மதிப்பீட்டாளருக்கு ஒப்பிடக் கிடைக்கும் வீடுகள் சிலவே. ஆகவே அவர் கீழ்நோக்கியே மதிப்பிடுவார். 100க்குப் பேசிய வீட்டை வங்கி 92 என்று மதிப்பிட்டு, அதில் 80 சதவீதம் கடன் தந்தால், 80 எதிர்பார்த்த உங்களுக்கு 73.6 மட்டுமே கிடைக்கும், மீதி 6.4ஐக் கையிலிருந்து போட வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, கடன் கிடைக்காவிட்டாலோ மதிப்பீடு குறைந்தாலோ முன்பணம் திரும்பத் தரப்படும் என்ற வாசகத்தை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

குறைந்த விலைக்கு வரும் வீட்டில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

விலை குறைவாக இருப்பதற்கான காரணத்தை முதலில் கேளுங்கள். நெருக்கடியில் விற்பவரின் வீட்டில் அடமானம், வரி பாக்கி, கையெழுத்துப் போடாத வாரிசுகள் என்று ஏதேனும் ஒரு வில்லங்கம் இருக்கும் வாய்ப்பு அதிகம். மூலப் பத்திரங்களை வழக்கறிஞர் பார்த்த பிறகே முன்பணம் தர வேண்டும்; உரிமையாளருக்குக் கடன் இருந்தால் உங்கள் பணம் நேராக வங்கிக்குப் போய்க் கடன் அடைந்து பத்திரம் விடுபடும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். மந்தமான சந்தை உங்களுக்குத் தரும் பெரிய வசதி நேரம்தான். அதைப் பயன்படுத்தி வீட்டைப் பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, முடிந்தால் மழை பெய்த மறுநாள் ஒரு முறை என்று பாருங்கள்.

எல்லாம் முடிந்து பதிவுக்கு முந்தைய வாரத்தில் வாங்குபவர் மேலும் குறைக்கச் சொல்கிறார். ஒப்புக்கொள்வதா?

புதிதாக ஏதேனும் குறை வெளிப்பட்டிருந்தால் அதன் செலவளவுக்குக் குறைப்பது நியாயம். காரணமே இல்லாமல், உங்களுக்கு வேறு ஆள் இல்லை என்ற துணிச்சலில் கேட்டால், ஒப்பந்தத்தையும் அதில் முன்பணத்தைப் பற்றி எழுதியிருப்பதையும் எடுத்துவைத்துப் பொறுமையாகப் பேசுங்கள். மறுபடி விற்பனைக்குப் போட்டால் எத்தனை மாதம் ஆகும், அந்த மாதங்களுக்கு என்ன செலவு என்பதை முன்பே எழுதிவைத்திருந்தால், எந்த எண்ணுக்குக் கீழே வேண்டாம் என்று சொல்லலாம் என்பது உங்களுக்கு அந்த நேரத்தில் தெளிவாகத் தெரியும். அவர் கேட்பது அந்த எண்ணுக்கு மேலே இருந்தால், கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் புதிய விலையை எழுத்தில் வாங்கி, பதிவு நாளை மாற்றாமல் முடித்துக்கொள்ளுங்கள். கீழே இருந்தால் மறுநாள் காலையிலேயே, முன்பு பார்த்துவிட்டுப் போன மற்றவர்களைத் தொலைபேசியில் அழையுங்கள். அதற்காகவே, வீடு பார்க்க வரும் ஒவ்வொருவரின் எண்ணையும் முதல் நாளிலிருந்து ஒரு நோட்டில் குறித்துவைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.